வெளிநடப்ப விடுங்க, அந்த ஸ்கூல் கவுன்சிலரப் பத்திப் பேசுவோம்

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஒரு வாத்தியாரப் பத்திப் பேசப் போறேன். பேரு சால் காஸ்ட்ரோ. கியூபா காஸ்ட்ரோவுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, முதல்லயே சொல்லிடறேன், கமெண்ட்ல வந்து கேக்காதீங்க. லாஸ் ஏஞ்சலஸ்காரர், மெக்சிகோ வம்சாவளி. சோஷியல் டீச்சர், ஸ்கூல் கவுன்சிலர், அதாவது எந்தப் பாடம், எந்தக் காலேஜ்னு பசங்களுக்கு வழி சொல்றவர். 1968-ல அங்க மெக்சிகன் பசங்க கிளாஸ விட்டு வெளிநடப்பு பண்ணாங்களே, அதுக்குப் பின்னாடி நின்னவர்னுதான் இவரப் பத்திப் பேசுவாங்க. 2004-ல ரிட்டயர் ஆனார், 2013 ஏப்ரல்ல 79 வயசுல காலமானார்.

பிறந்தது 1933. அமெரிக்காவுல வேலை இல்லாத காலம், மெக்சிகோக்காரங்கள எல்லாம் மூட்டை கட்டி அனுப்பிட்டு இருந்தாங்க. இவரோட அப்பாவும் அப்படித்தான் போனார். பையன் கொஞ்ச நாள் மெக்சிகோல படிச்சுட்டு ரெண்டாங் கிளாஸுக்குத் திரும்பி வர்றான். இங்கிலீஷ் வரலன்னு டீச்சர் மூலைல உக்கார வெச்சுட்டாங்க. நானா இருந்தா அழுதிருப்பேன். இவர் என்ன நினைச்சாராம் தெரியுமா? நான் பேசறது இவங்களுக்குப் புரியல, அப்போ இவங்கதானே மக்கு!

இந்த ஆளு வாத்தியார் ஆனா சும்மா இருப்பாரா? பெல்மான்ட் ஹைஸ்கூல்ல மெக்சிகன் பசங்களத் தூண்டி விட்டு மாணவர் தேர்தல்ல நிக்க வெச்சார். பசங்க மேடைல ஸ்பானிஷ்ல பேசினாங்கன்னு பெரிய பிரச்சனை ஆச்சு. வாத்தியார லிங்கன் ஹைஸ்கூலுக்கு மாத்திட்டாங்க.

மெக்சிகன் பசங்க அதிகம் படிச்ச கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஸ்கூலுங்க அப்போ எப்படின்னா, ஸ்பானிஷ் பேசினா அடி. மதியம் பாத்ரூமப் பூட்டி வெச்சிருப்பாங்க. பையன்னா மெக்கானிக் வேலை, பொண்ணுன்னா டைப்பிங், அதுக்கு மேல உனக்கு வராதுன்னு அனுப்பிடுவாங்க. நம்ம ஊர்ல பத்தாவது மார்க்கப் பாத்துட்டு, உனக்கு வொகேஷனல் குரூப்தான்னு சொல்வாங்களே, அதே குரல்.

இதையெல்லாம் எதிர்த்துதான் 1968 மார்ச்ல ஆயிரக்கணக்கான பசங்க கிளாஸ விட்டு வெளிய வந்தாங்க. பின்னாடி நின்னவர் காஸ்ட்ரோ. சதி வழக்கு போட்டு இவரோட சேத்து 13 பேரக் கைது பண்ணாங்க. வேலையும் போச்சு. ஊர் ஜனங்க கல்வி வாரிய ஆபீஸ்ல போய் உக்காந்துட்டாங்க, வேலை திரும்பக் கிடைச்சது. வழக்கு 1970-ல அடிபட்டுப் போச்சு. எல்லாரும் சொல்ற கதை இதோட முடிஞ்சிடும்.

எனக்கு இதுக்கப்புறம் வர்றதுதான் பெருசு. அங்க இங்கன்னு மாத்தி மாத்திப் பந்தாடிட்டு, கடைசில பெல்மான்ட்டுக்கே அனுப்புறாங்க. எந்த ஸ்கூல் துரத்துச்சோ அங்கயே! ரிட்டயர் ஆகற வரைக்கும் அங்கதான் இருந்தார். பேருக்கு ஒரு அரசியல் பதவி தேடிப் போயிருக்கலாம், போகல. ஒரு பையன் எந்தப் பாடம் எடுத்தா காலேஜ் கதவு திறக்கும், எந்த ஃபாரத்த எப்போ போடணும், அத உக்காந்து சொல்றது. பேப்பர்ல வராத வேலை.

இன்னொண்ணு, 1963-லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல மாலிபு மலைல, யூதர்களோட ஒரு கேம்ப் இடத்துல, இவரும் சேந்து நடத்தின வார இறுதி முகாம். ஹைஸ்கூல் பசங்களக் கூட்டிட்டுப் போய், காலேஜ்ல படிக்கற மெக்சிகன் வம்சாவளிப் பசங்களோட உக்கார வைப்பாங்க. வீட்ல யாருமே காலேஜ் வாசல மிதிக்காத பசங்க அது. தன்ன மாதிரியே பேர் இருக்கற ஒருத்தன் காலேஜ்ல இருக்கான்னு நேர்ல பாத்தா போதும், அட்வைஸே தேவையில்ல. பிற்பாடு லாஸ் ஏஞ்சலஸ் மேயரான அந்தோனியோ வில்லரைகோசா இந்த முகாமுக்குப் போனவர்தான். '68 வெளிநடப்ப நடத்தின பசங்கள்லயும் பல பேரு இங்க வந்தவங்க. மேயர் ஆனத நியூஸ்ல காட்டுவாங்க. நர்ஸ், வாத்தியார், இன்ஜினியர்னு ஆனவங்கள யாரு எண்ணுவா?

2010-ல அந்த ஊர்ல ஒரு மிடில் ஸ்கூலுக்கே இவர் பேர வெச்சாங்க, அதுவும் இவர் உயிரோட இருக்கும்போதே. நம்ம பக்கம் பெரும்பாலும் போட்டோவுக்கு மாலை போட்டதுக்கு அப்புறம்தான் பேர் வைக்கறதே.

சரி, உங்க ஸ்கூல்ல "உனக்கு இது வராது"ன்னு சொல்லாம, இந்த ஃபாரத்த நிரப்புடான்னு உக்கார வெச்ச டீச்சர் யாராவது இருந்தா கீழ எழுதுங்க. பேர் போட வேணாம், என்ன பண்ணாங்கன்னு எழுதுங்க, அடுத்த வீடியோல படிக்கறேன்.