வீடு சாம்பல், வாசல் மரம் பச்சை! 3 மில்லிமீட்டர்ல இருக்கு விஷயம்

(திரையில்: எரிந்துபோன ஒரு தெரு, மேலிருந்து எடுத்த படம்)

இந்தப் படத்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கலிஃபோர்னியாவுல பாரடைஸ்னு ஒரு ஊர். 2018 நவம்பர்ல வந்த காட்டுத்தீயில 85 பேர் செத்துட்டாங்க. வீடு இருந்த இடத்துல சாம்பல்தான். ஆனா வாசல்ல நிக்கிற பைன் மரம் பச்சையா இருக்கு! காட்டுத்தீன்னா மரம்தானே முதல்ல எரியணும்?

வணக்கம் மக்களே, வியாசர்பாடியிலேருந்து பேசுறேன். வீடியோவை முழுசா பாருங்க, இது நம்ம ஏரியா விஷயமும்தான்.

பின்னணியை வேகமா சொல்லிடுறேன். 2025 ஜனவரி 7, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ், ஈட்டன்னு ரெண்டு பெரிய தீ. 16,000 கட்டடத்துக்கு மேல போச்சு. ஒரு வாரத்துக்குள்ளயே ஆளுநர் கேவின் நியூசம், திரும்பக் கட்டுறவங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வும் கடற்கரைச் சட்ட அனுமதியும் வேணாம்னு உத்தரவு போட்டாரு. மேயர் கேரன் பாஸ், பழைய அளவுல, இல்ல 110 சதவீதம் வரைக்கும் கட்டினா 30 நாள்ல பிளானைப் பார்த்து முடிக்கணும்னாங்க.

இது நல்ல காரியம். வீடு எரிஞ்சவன் ஒரு பக்கம் லோன் கட்டுறான், இன்னொரு பக்கம் வாடகை கட்டுறான். அவனை ஃபைலோட அலைய விடுறது பாவம். ஆனா தளர்த்துறதுன்னு ஆரம்பிச்சா எது வரைக்கும்? அதுக்கு அந்த மரம் ஏன் பச்சையா இருந்துச்சுன்னு தெரியணும்.

(திரையில்: கூரைக்குக் கீழ் இருக்கும் காற்றுத் துவாரம், மிக அருகில்)

வீட்டை நோக்கி நெருப்பு சுவர் மாதிரி வர்றது குறைவு. முன்னாடி பறந்து வர்றது கங்கு. காத்து பலமா அடிச்சா ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலயும் பறக்கும். அங்க வீடுங்க பெரும்பாலும் மரச்சட்டம். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல பரண் மாதிரி ஒரு இடம், அது புழுங்காம இருக்கக் காத்துத் துவாரம். பழைய வீடுகள்ல அதுக்குப் போட்ட கம்பி வலையில கண்ணு ஒவ்வொண்ணும் 6 மில்லிமீட்டர். கங்கு அதுவழியா உள்ள போயி, பரண்ல கிடக்கிற அட்டைப்பெட்டி, பழைய துணி மேல உக்காரும். வெளியே நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. உள்ளேருந்து எரிஞ்சு கூரை விழும்போதுதான் தெரியும். எரியுற வீட்டுக் கங்கு அடுத்த வீட்டுக்குப் போகும். வழியில நிக்கிற பச்சை மரம் ஈரத்தோட அப்படியே தப்பிச்சிடும்.

2008ல கலிஃபோர்னியா கொண்டுவந்த கட்டட விதி இதைத்தான் பிடிச்சுது. வலைக்கண்ணு சுமார் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அப்போ இன்னும் பொடிசாப் போடலாமேன்னு தோணும். கூடாதாம்! 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனா தூசியும் பெயின்ட்டும் அடைச்சுக்கும், காத்து போகாம பரண்ல ஈரம் கட்டி மரம் உளுத்துடும். நெருப்பு உள்ள வரக் கூடாது, காத்து வரணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒன்றரை மில்லிமீட்டர் இடத்துல நிக்குது இந்த விதி. எனக்கு இது எவ்வளவு பிடிச்சுதுன்னா, படிச்ச அன்னிக்கு எங்க வீட்டு வென்டிலேட்டர் வலையை ஸ்கேல் வெச்சு அளந்தேன்.

பலன் இருந்துச்சா? பாரடைஸ்ல 2008க்கு அப்புறம் கட்டின வீடுகள்ல சுமார் பாதி சேதமில்லாம நின்னுச்சு. அதுக்கு முன்னாடி கட்டினதுல ஐந்துல ஒண்ணுகூட நிக்கல. புது வீடுன்றதாலயும் கொஞ்சம் இருக்கலாம், ஆனா வித்தியாசம் ரொம்பப் பெருசு.

2017ல சான்டா ரோசாவுல காஃபி பார்க்னு ஒரு குடியிருப்பே எரிஞ்சுது. அந்த 2008 விதி, அரசாங்கம் தீ ஆபத்துன்னு வரைபடத்துல குறிச்ச பகுதிக்குத்தான் கட்டாயம். அந்த வரைபடத்துல இது ஆபத்துப் பகுதி இல்ல. அதனால திரும்பக் கட்டும்போதும் அந்த விதி கட்டாயம் ஆகல. எரிஞ்ச அதே மண்ணு மேல! அனுமதிக்கு நிக்கிற வரிசையைக் குறைங்க, கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணுங்க. வலையில மட்டும் கை வைக்காதீங்க.

இப்ப நம்ம பக்கம் வாங்க. வடசென்னையில குடிசைத் தீயைப் பார்க்காத ஆளு கம்மி. கடற்காத்து சாயங்காலம் தூக்கினா, ஒரு கூரைக் கங்கு நாலாவது கூரையில விழும். மறுநாள் பெண்கள் சாம்பலைக் கிளறி, உருகி ஒட்டிப்போன அலுமினியக் குண்டானை எடுப்பாங்க. ரேஷன் கார்டு போயிருக்கும். ஒரு வாரத்துல அதே இடம், அதே ஓலை, அதே தார்ப்பாய். இதைவிட வேகமான மறுகட்டுமானம் உலகத்துல எங்கயும் இல்ல! எந்த விதியும் இல்லாத வேகம் இது. 2004ல கும்பகோணத்துல 94 பிள்ளைங்க கருகின பிறகுதான் பள்ளிக்கூடத்துல ஓலைக்கூரை கூடாதுன்னு எடுத்தாங்க. அந்தப் பிள்ளைங்க தூங்குற வீட்டுக்கு யாரு எடுப்பா?

அனுமதி இங்கயும் சுலபமாயிடுச்சு. 2024 ஜூலையிலேருந்து 2,500 சதுர அடி வரைக்கும் மனை இருந்தா, 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று போதும், ஆன்லைன்ல உடனே அனுமதி. நான் இதை வரவேற்கிறேன். ஆனா பட்டா இல்லாத கொருக்குப்பேட்டைச் சந்துக்கு இது எட்டாது. அங்க தீ அணைஞ்ச மறுநாள் உதவிக்குப் போறவங்க அரிசி, பாயோட சேர்த்து ஓலைக்குப் பதிலா கூரை ஷீட்டும் குடுங்க. வீட்டு வரிசைங்களுக்கு நடுவுல ஒரு வண்டி போற அளவு இடம் விட்டுக் கட்டச் சொல்லி, சுண்ணாம்புல கோடு போட்டுட்டு வாங்க. அதுக்கு யாரோட அனுமதியும் வேணாம்.

உங்க தெருவுக்குள்ள ஃபயர் சர்வீஸ் வண்டி நுழையுமா? குறுகலான இடத்தை டேப் வெச்சு அளந்து, தெருப் பேரோட கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல ஒரு மேப் போட்டு, எந்தச் சந்துல வண்டி மாட்டும்னு காட்டுறேன்.