சொத்துக்காக, சொந்த வீட்டுக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

சொத்துக்காகக் குடும்பத்துக்குள் கொலை என்றதும் வரப்புத் தகராறு, அரிவாள் வெட்டு என்றுதான் நினைப்போம். நான் பேச வந்தது சத்தமே இல்லாமல் நடந்த ஒன்றைப் பற்றி. கேரளத்தில் கொல்லம் மாவட்டம், அஞ்சல். 2020 மே மாதம். 25 வயதுப் பெண், ஒரு குழந்தைக்குத் தாய். அம்மா வீட்டில் இரவு படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. அறைக்குள் ஒரு நல்ல பாம்பு.

அந்த மார்ச்சில்தான் கணவன் வீட்டில் அவளைக் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள். நம் ஊராக இருந்தால் நாகதோஷம் என்று சொல்லி முடித்திருப்பார்கள். பெற்றவர்கள் அப்படி விடவில்லை. ஏசி போட்டு ஜன்னல் சாத்திய அறைக்குள் பாம்பு எப்படி வந்தது என்று போலீசில் கேட்டார்கள்.

அப்புறம் நடந்த புலனாய்வு அபாரமானது. புதைத்த பாம்பைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். ஒரு பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, கையில் கோழிக்கறியைக் கட்டி, உயிருள்ள நல்ல பாம்பைக் கடிக்க விட்டார்கள். தானாகக் கடித்தால் இரண்டு பல்தடங்களுக்கு நடுவே 2 செ.மீ.கூட இல்லை. தலையைப் பிடித்து அழுத்தினால் தடம் அகலமாகிறது. அந்தப் பெண்ணின் கையில் இருந்தவை அகலமான தடங்கள். கணவனுக்குப் பாம்பு விற்றவரே அப்ரூவராகி, அதாவது அரசுத் தரப்புக்கு மாறி, சாட்சி சொன்னார். 2021 அக்டோபரில் கணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதுவும் 17 ஆண்டுச் சிறை கழிந்த பிறகே தொடங்கும்.

நூறு பவுனுக்கு நெருக்கமான நகை, கார், ரொக்கம் எல்லாம் கொடுத்துக் கட்டிக்கொடுத்த பெண் அவள். விவாகரத்து என்றால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். அவள் செத்துப்போனால் யாரும் கேட்கப்போவதில்லை என்று கணக்குப் போட்டான். கேட்கக் கேட்கக் கொடுத்தால் பிள்ளையை நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிற எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன்: இன்னும் கேட்டால் கொடுக்காதீர்கள், பெண்ணை அழைத்து வந்துவிடுங்கள்.

கொலை செய்தவருக்குக் கொலையுண்டவரின் சொத்து சேராது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் கொலை என்று தெரிந்தால்தானே அதற்கு வேலை? கல்யாணமான ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகப்படும்படி இறந்தால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை உண்டு. உடலை எடுப்பதற்கு அவசரப்படுத்தும் உறவுக்காரர்கள் எப்போதும் இருப்பார்கள். ஆர்.டி.ஓ. வரட்டும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள்.