விழுந்தது எந்தப் பக்கம்?

சென்னை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் அறுபதைத் தாண்டிய ஒருவர் அடிக்கடி விழுகிறார் என்றால், "வயசாயிடுச்சு, பார்த்து நடக்கக் கூடாதா?" என்போம். அதை விட்டுவிட்டு ஒன்றைக் கவனியுங்கள்: எந்தப் பக்கம் விழுந்தார்? கால் தடுக்கினால் பெரும்பாலும் முன்னால்தான் விழுவோம். எதுவும் தடுக்காமல், நின்ற இடத்திலேயே மரம் சாய்வதுபோல் மல்லாக்க விழுகிறார் என்றால், நரம்பியல் மருத்துவர் உடனே நினைக்க வேண்டிய நோய் ஒன்று உண்டு. புராக்ரெசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி என்று பெயர். பி.எஸ்.பி. என்றே சொல்வோம். லட்சம் பேரில் 5 முதல் 7 பேருக்கு வருவது. நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோய் என்றே பல காலம் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பார்கின்சன் நோயாளி குனிந்து நடப்பார். ஒரு பக்கக் கை நடுங்கும். விழுவதெல்லாம் பல வருடம் கழித்துத்தான். பி.எஸ்.பி.யில் கழுத்து விறைத்து நிமிர்ந்திருக்கும், நடுக்கம் பெரும்பாலும் இருக்காது, முதல் மூன்று வருடத்துக்குள்ளேயே விழ ஆரம்பித்துவிடுவார். நாற்காலியில் உட்காரும்போது மூட்டையைப் போட்டதுபோல் தொப்பென்று உட்காருவார்.

இனி கண். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். சாப்பிடும்போது சாம்பார் சட்டையில் சிந்துகிறது. மாடிப்படி இறங்கத் தடுமாறுகிறார். ஏறுவதில் அவ்வளவு சிரமமில்லை, இறங்குவதில்தான். கண்ணாடியை இரண்டு முறை மாற்றியாயிற்று, பலனில்லை. பார்வை மங்கவில்லை, கண் கீழே இறங்க மறுக்கிறது.

சோதிப்பதில்தான் தவறு நடக்கிறது. விரலை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால், ஆரம்ப நிலையில் கண் ஒழுங்காகப் பின்தொடரும். "கண் நார்மல்" என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. முகவாயைப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு பேனா, கீழே ஒரு விரல் வைத்து, "பேனா, விரல், பேனா" என்று சட்டென்று மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். இமை மறைத்தால் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரே தாவலில் போக வேண்டிய கண் ஊர்ந்து போகும். முதலில் குறைவது வேகம். தூரம் குறைவது பிறகுதான். மேலே பார்ப்பது வயதானவர்கள் பலருக்கும் குறையும், அதனால் கீழ்ப்பார்வைக்குத்தான் மதிப்பு அதிகம்.

கண் இறங்கவே இல்லை என்றாலும், எதிரே ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கச் சொல்லித் தலையை மெல்லப் பின்னால் சாய்த்தால் கண் தானாகக் கீழே இறங்கும். தசையும் அதன் நரம்பும் சரியாகத்தான் இருக்கின்றன, அவற்றுக்கு மேலிருந்து வரும் கட்டளைதான் வரவில்லை என்று அர்த்தம். பெயரில் உள்ள 'சூப்ராநியூக்ளியர்' இதுதான். டொரோண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி மூவரும் 1964-இல் ஒன்பது நோயாளிகளை வைத்து இந்த நோயை விவரித்தார்கள். அப்போது எம்.ஆர்.ஐ. ஏது?

"மூன்று முறை கைதட்டுங்கள்" என்றால் நான்கு, ஐந்து என்று தட்டிக்கொண்டே போவதும் ஓர் அடையாளம். வேறு மூளை நோய்களிலும் வரும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. நிற்கும் சமநிலையை அறிய மருத்துவர் பின்னாலிருந்து தோளை இழுத்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம், மண்டை உடையும்.

ஸ்கேனுக்கு வருவோம். படம் காட்ட முடியாது, சொல்லிவிடுகிறேன். மூளையை நடுவில் நெடுக்காக வெட்டிய பக்கவாட்டுத் தோற்றத்தில் நடுமூளை தேய்ந்து, நீண்ட அலகுடைய சிறு பறவையின் தலைபோலத் தெரியும். ஹம்மிங்பேர்டு சைன் என்பார்கள். நம் தோட்டத்துத் தேன்சிட்டு வேறு இனம், ஆனாலும் அதன் அலகை நினைத்துக்கொள்ளலாம். நடுமூளையின் பரப்பு, அதன் கீழுள்ள 'பான்ஸ்' என்ற மூளைத்தண்டுப் பகுதியின் பரப்பில் சுமார் கால்பங்கு இருக்க வேண்டும். இந்த நோயில் எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஸ்கேன் சீட்டில் வெறும் "பார்கின்சன்" என்று எழுதி அனுப்பினால் யாரும் இதை அளக்க மாட்டார்கள். "கீழ்ப்பார்வை குறைவு, மல்லாக்க விழுகிறார்" என்று எழுதி அனுப்ப வேண்டும். முதல் வருடத்தில் ஸ்கேன் சாதாரணமாக இருக்கலாம். அதற்காக நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது, கண்ணை மறுபடி பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பார்கின்சனுக்குத் தரும் லீவோடோபா மருந்தைப் போதிய அளவில் ஒரு மாதமாவது கொடுத்துப் பார்ப்பது அவசியம். பலனில்லாததும் ஒரு தடயம்தான். இந்த நோயில் விழுங்குவதும் சிரமமாகும், அதனால் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா என்பதை மட்டும் இன்றே கவனியுங்கள், விழுந்த தேதிகளை ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.