தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே

விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, எனக்கு முன் ஏரிகளைப் பற்றி அரிய உரையாற்றி அமர்ந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, திரை கட்டித் தந்த நூலக ஊழியர்களே, இடமின்றி நின்றபடியே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

'தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே' என்பார் என் பாட்டி. தொல்குடிக் கலைஞர்கள் எதிர்காலத்தைக் கற்பனை செய்து எடுக்கும் காணொளிகளைப் பற்றி, பெயர், படம், பணி என மூன்றைச் சொல்ல வந்தேன். தொல்குடி எதிர்காலவியல் என்ற பெயரைத் தந்தவர், வட அமெரிக்கத் தொல்குடிகளுள் ஒன்றான அனிஷினாபே மரபினரான பேராசிரியர் கிரேஸ் டில்லன்.

இனிப் படம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஸ்டாண்டிங் ராக் தொல்குடி மக்களின் குடிநீரான ஓவாஹி ஏரிக்கு அடியில் எண்ணெய்க்குழாய் பதிக்க வந்தபோது, 2016இல் அவர்கள் முகாமிட்டு மறித்தார்கள். அங்கே பிறந்த கலைஞர் கனுபா ஹன்ஸ்கா லூகர், பலகையில் முகம் தெரியும் கண்ணாடி போன்ற தாளை ஒட்டிக் கேடயம் செய்யும் முறையைக் காணொளியாக வெளியிட்டார்; எங்கெங்கிருந்தோ மக்கள் செய்து அனுப்பினார்கள். எதிரே வரும் காவலர் அதில் தம் முகத்தையே காண வேண்டும் என்பது எண்ணம். அந்த டிசம்பரில், பனி மூடிய நிலத்தில், கேடயங்களைத் தலைக்குமேல் வானம் பார்க்கப் பிடித்தபடி அவர்கள் சுழன்று நடந்ததை ட்ரோன் படமெடுத்தது. மேலிருந்து பார்த்தால் மனிதர் தெரியவில்லை. ஆறு ஒன்று நெளிந்து போகிறது! தண்ணீரைப் பழிக்காதே என்று வாயால் சொன்னோம் நாம். அவர்கள் தண்ணீராகவே நடந்து காட்டினார்கள். குழாய் 2017இல் ஓடத் தொடங்கிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

லூகரின் இனத்தாரான மண்டன், ஹிடாட்சா, அரிகரா மக்களின் ஆற்றங்கரை நிலம் கேரிசன் அணையில் மூழ்கியது. ஓர் உலகம் அழிவதை ஏற்கெனவே கண்டு பிழைத்தவர்கள், பிழைக்கும் வழியை நாளைக்கும் கற்பனை செய்கிறார்கள்.

ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் கரபிங் திரைப்படக் குழுவினர் கைப்பேசியிலேயே படமெடுத்தவர்கள். 2018இல் வந்த அவர்களது படத்தில், நஞ்சேறிய நிலத்தில் வெள்ளையரால் வெளியே உயிர்வாழ முடியாது, தொல்குடியினரால் முடியும்.

இனிப் பணி. இத்தகைய படங்களைத் தமிழ் வசன வரிகளோடு, மாதம் ஒரு மாலை, மாவட்ட நூலகங்கள்தோறும் திரையிட வேண்டும் என்று மூன்றாண்டுகளாகக் கேட்டுவருகிறேன். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பதைப் பாடநூலில் படிக்கும் பிள்ளை, அதைத் திரையிலும் காணட்டும். மேடையிலுள்ள நூலக அலுவலர் அம்மையார் மனம் வைக்க வேண்டும். விண்ணப்பம் வாசலருகே மேசையில் இருக்கிறது, கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.