குன்றுக்கு மூத்த எலும்புகள்

அவையோருக்கு வணக்கம்.

இமயத்தின் அடிவாரத்தில் நீண்டு கிடக்கும் சிவாலிக் குன்றுகளில் யானை, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி இனங்களின் எலும்புகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவ்வளவு பெரிய விலங்குகள் மலையேறி வந்து மடிந்தனவா என்று கேட்காதவர்கள் குறைவு. இல்லை, அவை சமவெளியில் வாழ்ந்தவை. உயர்ந்துகொண்டிருந்த இமயத்தை ஆறுகள் அரித்து, மணலையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டின. கரையோரம் மாண்ட விலங்குகளை அந்த வண்டல் மூடியது. பல லட்சம் ஆண்டுகள் கழித்து அந்தப் படிவுகளே மடிந்து குன்றுகளாக எழுந்தன. அங்கே எலும்புதான் மூத்தது, குன்று இளையது!

1830களில் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த ஹியூ ஃபால்கனரும், கால்வாய்ப் பொறியாளர் புரோபி காட்லியும் இவற்றைத் தேடித் திரட்டினார்கள். 1837இல் லண்டன் புவியியல் கழகம் இருவருக்கும் வொல்லஸ்டன் பதக்கம் வழங்கியது.

அவர்கள் கண்டவற்றில் என் மனம் ஒட்டிக்கொண்டது ஸ்டெகோடான் கணேசா என்ற யானையிடம்தான். அதன் கடைவாய்ப்பல்லை உற்றுப் பாருங்கள். ஓட்டு வீடுகளின் கூரைகளை நெருக்கி அடுக்கியது போல, குறுக்கே முகடும் பள்ளமுமாக ஓடும். ஸ்டெகோடான் என்றால் கூரைப்பல் என்றே பொருள். தந்தங்களோ மூன்று மீட்டருக்கும் மேல் நீண்டவை. ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு நெருங்கியவை. நடுவே துதிக்கையைத் தொங்கவிட இடமே இல்லை! பக்கவாட்டில்தான் அது தொங்கியிருக்க வேண்டும். பிள்ளையார் பெயரை வைத்தவரின் ரசனையை மெச்சுகிறேன்.

சிவன் பெயரைத் தாங்கிய சிவத்தீரியம் என்ற விலங்கும் உண்டு: ஒட்டகச்சிவிங்கியின் உறவு, ஆனால் குட்டைக் கழுத்து, நான்கு கொம்புகள். இமாசலப் பிரதேசத்தின் சாகேதியில் 1974இல் திறக்கப்பட்ட புதைபடிவப் பூங்காவில் இத்தகைய விலங்குகளின் முழு உருவச் சிலைகள் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். மழை குன்றை அரிக்க அரிக்க, புதிய எலும்புகள் வெளியே தலைகாட்டுகின்றன. கண்ணில் பட்டால் பெயர்த்து எடுத்து வந்துவிடாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். அலமாரிக்கு வந்துவிட்ட பல்லுக்கு அந்த முகவரி இல்லை. படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள்.