சிகரெட் கேட்டவனுக்குக் கிடைத்த பூ

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்குக் கொடுத்தது 5 நிமிடம், அதில் பொன்னாடை 1 நிமிடத்தைச் சாப்பிட்டுவிட்டது.

கொடுங்கோல் ஆட்சி விழுந்தால் பெண்ணின் நிலை மாறுமா? மாறும் என்பது எங்கள் அணி. போர்ச்சுகலைச் சொன்னோம், 48 வருட சர்வாதிகாரம் 1974 ஏப்ரல் 25-ல் ஒரே நாளில் சாய்ந்த நாடு. எதிரணித் தம்பி எழுந்து, "புரட்சி பண்ணியது பட்டாளம், பெண்கள் பூக் கொடுத்ததோடு சரி" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியது யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி, அந்தப் பூக்கதை முழுசாகத் தெரியுமா? லிஸ்பனில் ஓர் உணவகம். செலஸ்டெ கயெய்ரு என்ற பெண் அங்கே வேலை பார்த்தார். அன்று கடைக்கு முதலாம் ஆண்டு நிறைவு, வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கார்னேஷன் பூ வாங்கி வைத்திருந்தார்கள். காலையில் போனால் கடை இல்லை, ஊரில் என்னமோ புரட்சியாம், பூவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்றுவிட்டார்கள். நாமாக இருந்தால் நேரே வீடு, கதவுக்குத் தாழ்ப்பாள். இந்த அம்மா மெட்ரோ ஏறி ரோசியோவில் இறங்கி, பட்டாளத்து வண்டிப் பக்கமே போய் "என்னப்பா நடக்குது?" என்று கேட்டார்! பிரதமரைப் பிடிக்கப் போகிறோம் என்றான் சிப்பாய். சொல்லிவிட்டு, ராத்திரியெல்லாம் முழித்தவன் பாவம், "சிகரெட் இருக்கா?" என்றான். அவருக்குப் புகைக்கும் பழக்கமே கிடையாது, கையில் இருந்தது பூ, நீட்டினார். அவன் வாங்கித் துப்பாக்கிக் குழாயில் செருகினான். அடுத்தவன் கை நீட்டினான், அதற்கடுத்தவன், அப்புறம் கட்டே காலி. அந்தப் புரட்சிக்கே கார்னேஷன் புரட்சி என்று பேர். சிகரெட் மட்டும் இருந்திருந்தால்? சிகரெட் புரட்சி, எச்சரிக்கைப் படத்தோடு!

பூக் கொடுத்ததோடு சரியாம். ஓர் ஆசிரியை கல்யாணம் பண்ண அமைச்சகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று 1936-ல் சட்டம் போட்ட நாடு தம்பி அது, மாப்பிள்ளையின் நடத்தையையும் வருமானத்தையும் அரசாங்கம் விசாரிக்கும், பெண்ணைப் பெற்றவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புரட்சிக்குப் பிறகு 1976-ல் ஆணும் பெண்ணும் சமம் என்றது அரசியலமைப்பு. 1979-ல் மரியா டி லூர்டெஸ் பிந்தாசில்கு என்ற பெண்ணே பிரதமர். கருக்கலைப்பு உரிமைக்கு 2007 வரை ஆனதே என்று தம்பி இழுப்பார். ஆனது, இல்லை என்று யார் சொன்னது?

எனக்கு மனசில் நிற்பது கடிதம்தான். மனைவிக்கு வந்த கடிதத்தைக் கணவன் பிரிக்கலாம் என்று இருந்தது, 1976-ல்தான் அதை எடுத்தார்கள். அம்மாவுக்கு மகள் எழுதுகிறாள் என்று வையுங்கள், "என்னால் இங்கே முடியலைம்மா" என்று. அதை அப்பாதான் முதலில் படிப்பார் என்று தெரிந்தால் எழுதுவாளா? "சௌக்கியம்" என்றுதானே எழுதுவாள்? ஒருநாள் மேஜையில் உறை ஒட்டினபடியே கிடக்கிறது. அவர் பார்க்கிறார், தொடவில்லை. அந்த அம்மா ஈரக்கையை முந்தானையில்... அங்கே ஏது முந்தானை, ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து, தானே பிரிக்கிறாள் ஐயா.

மணி அடித்துவிட்டார் நடுவர். பரவாயில்லை, அவள் படிக்கட்டும். வணக்கம்.