என் ஓட்டு ஒஃபீலியாவுக்கு இல்லை

வணக்கம் நண்பர்களே. ப்ரீ-ராஃபேலைட் ஓவியங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று போன வீடியோவில் கேட்டிருந்தேன். அதிகம் பேர் சொன்னது ஜான் எவரெட் மில்லேயின் 'ஒஃபீலியா'. நல்ல தேர்வுதான், ஆனால் நான் வேறு கட்சி. என் ஓட்டு ஃபோர்ட் மேடாக்ஸ் பிரவுன் வரைந்த 'தி லாஸ்ட் ஆஃப் இங்கிலாந்து' படத்துக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், புதிதாகப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1848இல் லண்டனில் ஏழு இளம் கலைஞர்கள் ப்ரீ-ராஃபேலைட் என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். மில்லே, ஹோல்மன் ஹன்ட், ரோசெட்டி மூவரும் அதில் முக்கியமானவர்கள். பழைய இத்தாலிய ஓவியர் ரஃபேலுக்குப் பின்னால் வந்தவர்கள் அவரைப் பார்த்துப் பார்த்தே வரைந்து ஓவியத்தை ஒரு வாய்ப்பாடாக்கி விட்டார்கள், நாம் இயற்கையை நேரில் பார்த்து வரைவோம் என்று கிளம்பினார்கள். வெள்ளை அடிப்பூச்சு போட்டு, சில இடங்களில் அந்த வெள்ளை ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் மெல்லிய வண்ணம் தீட்டினார்கள். அடியில் இருக்கும் வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பச்சையும் சிவப்பும் இன்றைக்கும் பளீரென்று நம் கண்ணில் படுவதற்கு அதுதான் காரணம்.

சரி, ஒஃபீலியாவுக்கு வருவோம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஆற்றில் மூழ்கிச் சாகும் பெண். 1851இல் மில்லே சர்ரே பகுதியில் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து செடிகொடிகளை மட்டும் வரைந்தார். ஆளை வரைந்தது அப்புறம், லண்டனில். மாடலாக இருந்த எலிசபெத் சிடால் தண்ணீர் நிரப்பிய குளியல் தொட்டியில் படுத்திருந்தார். தண்ணீர் குளிராமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் விளக்குகள் எரிந்தன. ஒரு நாள் அவை அணைந்துவிட்டன. மில்லே கவனிக்கவில்லை, சிடாலும் வாய் திறக்கவில்லை. அவர் கடுமையாக நோயில் விழ, அவருடைய அப்பா மில்லேயிடம் மருத்துவச் செலவைக் கேட்டார்.

அந்தப் படத்தில் வில்லோ மரம், நெட்டில் செடி, டெய்சி, சிவப்புப் பாப்பி, கழுத்தில் வயலட் மாலை எல்லாம் இருக்கின்றன. பாப்பி மரணத்துக்கு, டெய்சி கள்ளமின்மைக்கு என்று ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் உண்டு. எனக்குள்ள சிக்கலும் இங்கேதான். அவள் முகம் எவ்வளவு துல்லியமோ, கரையில் இருக்கும் இலையும் அவ்வளவு துல்லியம். என் கண் முகத்தை விட்டுப் பூக்களை எண்ணப் போய்விடுகிறது. சாகிற ஒருத்தியின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் தாவரவியல் பார்க்கிறேன்.

இதற்கு உங்களில் சிலர் சொன்ன பதில் வலுவானது. ஒரு பெண் சாகும்போதும் காடு பூத்துக்கொண்டுதான் இருக்கும், அந்த அலட்சியம்தான் படத்தின் துயரம் என்றார்கள். உண்மைதான், அப்படிப் பார்க்கும்போது படம் இன்னும் பெரிதாகிறது. என் மனசு மட்டும் மாறவில்லை.

ஏனென்றால் பிரவுனின் படத்தில் ஒவ்வொரு நுணுக்கமும் நம்மை அந்த முகங்களிடமே திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. பிரவுன் அந்த எழுவரில் ஒருவர் அல்ல, ஆனால் அவர்களுக்கு மிக நெருக்கமானவர். குழுவில் இருந்த சிற்பி தாமஸ் வுல்னர் 1852இல் பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அதிலிருந்து பிறந்த படம் இது, முடிந்தது 1855இல். நாட்டைவிட்டுப் போகும் கணவனும் மனைவியும் கப்பலின் பின்புறம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இங்கிலாந்துக் கரையான டோவரின் வெள்ளைப் பாறைகள் விலகிக்கொண்டிருக்கின்றன. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கணவன் முகத்தில் கசப்பு. மனைவி முகத்தில் இருப்பது வேறு, அது என்ன என்று எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அழுகை இல்லை, அவ்வளவு நிச்சயம்.

அவளுடைய சால்வையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்புக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் குட்டிக் கை அவள் கையைப் பிடித்திருக்கிறது. குழந்தை நம் கண்ணில் படுவதே இல்லை, அந்தக் கை மட்டும்தான். அதைப் பார்த்த பிறகு அவள் முகத்தைப் பாருங்கள், வேறு முகமாக இருக்கும். கப்பல் விளிம்பில் தொங்கும் முட்டைக்கோஸ்கள்கூட எத்தனை நீண்ட பயணம் என்று சொல்லிவிடுகின்றன. படம் ஏறக்குறைய வட்டமாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பிக்கவும் வழியில்லை.

அந்தத் தம்பதிக்கு மாடல் பிரவுனும் அவர் மனைவி எம்மாவும்தான். அப்போது அவரும் பண நெருக்கடியில் இருந்தார், இந்தியாவுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார். குளிரில் தோல் நீலம் பாய்வதைச் சரியாகப் பிடிக்க, குளிர்ந்த நாட்களில் வெளியே உட்கார்ந்து வரைந்தார். மனைவியின் தொப்பியில் காற்றில் பறக்கும் சிவப்பு ரிப்பனுக்கு மட்டும் நான்கு வாரம் ஆயிற்று என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த நான்கு வாரமும் படத்தில் தெரிகிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அந்த ரிப்பன்தான் சொல்கிறது.

ஓவியர் வாட்டர்ஹவுஸின் 'தி லேடி ஆஃப் ஷலாட்' படத்தை, டென்னிசன் கவிதையின் நாயகி படகில் போகும் படத்தை, சிலர் சொல்லியிருந்தீர்கள். அவர் பிறந்ததே 1849இல், படம் 1888இல் வந்தது. அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு சண்டை நடந்தது. கதைத் தேர்வு ப்ரீ-ராஃபேலைட்டுகளுடையது, தூரிகை அவர்களுடையது இல்லை என்பேன். நாணல்களைப் பாருங்கள், தளர்வாக இழுத்த கோடுகள். மில்லே அப்படி விட்டிருக்க மாட்டார். ஆனாலும் படகின் முனையில் இருக்கும் மூன்று மெழுகுவர்த்திகளில் ஒன்றுதான் இன்னும் எரிகிறது, அந்த இடத்தில் நான் தோற்றுவிடுவேன்.

ரோசெட்டியின் பெண்கள் எனக்கு ஒட்டுவதில்லை, மன்னியுங்கள். எல்லோரும் ஒரே கழுத்து, ஒரே உதடு.

அடுத்த வீடியோ சிடாலைப் பற்றி. அவர் மாடல் மட்டுமில்லை, சொந்தமாக வரைந்தவர். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அவர் ஓவியங்களை வாங்கி ஆதரித்தார். அதற்குள் பர்மிங்ஹாமில் இருக்கும் பிரவுனின் படத்தையும், லண்டன் டேட் பிரிட்டனில் இருக்கும் ஒஃபீலியாவையும் பெரிய திரையில் அருகருகே திறந்து வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒஃபீலியாதான் என்றால், படத்தில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று எழுதுங்கள்.